லோகநாயகியின் கறுப்பு மிரர் கவர்கள்

லோகநாயகியின் காரில், பக்கக் கண்ணாடிகளின் மேல் இருக்கும் கார்பன் ஃபைபர் மிரர் கவர்களை அவள் பேரன் விடுமுறைக்கு வந்தபோது மாட்டிவிட்டுப் போனான் என்று நம் மாதர் சங்கத்தின் இரங்கல் கூட்டத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். அவள் மதிப்பைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் அது உண்மையல்ல. அவளே தேர்ந்தெடுத்தாள், அவளே மாட்டினாள். பக்கத்தில் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அவள் எனக்கு இளையவள். உயிரோடு இருந்தபோது அழைத்தபடியே இப்போதும் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

அவள் இறந்த செய்தி ஒரு நாள் காலையில் வந்தது. ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கும் மகள் மல்லிகாவுடன் சில வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று, கார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "பெரியம்மா, அம்மா தூக்கத்திலேயே போயிட்டாங்க" என்றாள் மல்லிகா. பிறகு, "கார் சங்கத்துக்குத்தான். அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். இப்போது சங்கத்தில், ஓட்ட ஆளில்லை, விற்றுவிடலாம் என்கிறார்கள். விற்பதற்கு முன் அந்தக் கவர்களைக் கழற்றிவிட வேண்டுமாம். வயதான பெண்மணியின் காருக்குப் பொருத்தமாக இல்லையாம்.

அவை வந்து சேர்ந்த கதையே தனி. ஆன்லைன் கடையில் நம் தீவுகளுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். எனவே பார்சல் மதுரையில் அவள் தங்கை வீட்டுக்குப் போய், அங்கிருந்து மெயின்லேண்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் ராஜனின் பெட்டியில், முறுக்கு டப்பாவுக்கும் வேட்டிக்கும் நடுவில் கப்பலேறி வந்தது. ராஜன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, ஆமை ஓடு மாதிரி இருக்கு? இங்கேருந்து ஓடு கடத்துறவனைப் பாத்திருக்கேன். இங்க கடத்திட்டு வர்ற மொத ஆளு நான்தான்" என்றார்.

உப்புக்காற்றில் பழைய கண்ணாடிக் கூடுகளின் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது. பெயின்ட் அடித்தால் போதாதா என்று கேட்டேன். "போதும்க்கா. ஆனா எனக்கு இது புடிச்சிருக்கு" என்றாள். காரணம் அவ்வளவுதான். வேறு காரணம் கற்பிக்கத் தேவையில்லை.

மின்னி பேயில் அவள் வீட்டுப் போர்ட்டிகோவில் மழை விட்டிருந்த ஒரு காலையில் வேலையைத் தொடங்கினோம். சோப்பு நீரில் கழுவித் துடைத்தோம். ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தோம். உட்புறத்தில் ஒட்டியிருந்த டேப்பின் தாளை உரிக்காமலேயே கவரை ஒரு முறை வைத்துப் பார்க்க வேண்டும் என்று குறிப்புத்தாளில் இருந்தது. அதை அவள் தவிர்க்கப் பார்த்தாள், நான் விடவில்லை. ஹேர் டிரையரால் டேப்பைச் சூடாக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன்.

"இந்த ஊர்ல மழையும் கரண்டும் சேந்து ஒத்துழைக்கிற நாளுக்குக் காத்திருந்தா, அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் போட்டோவுல இருப்போம்" என்று சொல்லிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, சூடேறிய பானெட்டின் மேல் கவர்களைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தாளை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டினாள்.

ஒரு நாள் முழுக்க ஈரம் படக் கூடாது. மழையோ திரும்ப வந்துவிட்டது. சாரல் போர்ட்டிகோவுக்குள் அடித்தது. மல்லிகா ரிசார்ட்டிலிருந்து கொண்டுவந்து குவித்திருந்த ஷவர் கேப்புகளில், குளிக்கும்போது தலை நனையாமல் போடுவது, இரண்டை எடுத்து லோகா கண்ணாடிகளுக்கு மாட்டினாள். பக்கத்து வீட்டு வங்காளி குடையோடு நின்று பார்த்தார்.

"க்யா தீதி, காடி நஹா ரஹா ஹை?" கார் குளிக்கிறதா என்று கேட்கிறார்.

"ஹாங் தாதா. பால் பீகேகா தோ சர்தி ஹோகா." தலை நனைந்தால் சளி பிடிக்கும் என்கிறாள் லோகா.

அப்போது போன் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவென்று வெளித் தீவுகளிலிருந்து தனியாக வரும் பெண்களைப் படகுத்துறையிலிருந்து அவள்தான் அழைத்துப்போவாள் என்பது சங்கத்தார் உங்களுக்குத் தெரியும். லாங் ஐலண்ட் போட்டில் காலில் புண்ணோடு ஓர் அம்மாள் வந்து இறங்கி, ஆட்டோ கிடைக்காமல் நிற்பதாகச் சொன்னார்கள். லோகா ஷவர் கேப்புகளை உருவி எறிந்தாள்.

"டேப் இன்னும் பிடிக்கலை லோகா. மழையில விழுந்திடும்."

"விழட்டும்க்கா. ஏறுங்க."

பாதி வழியில் இடப்பக்கக் கவர் பிய்ந்து பறந்தது. சொன்னேன். "பாத்தேன்" என்றாள். வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த அம்மாளை டாக்டர் பார்த்து, படுக்கை கொடுத்த பிறகுதான் திரும்பினோம். கவர் விழுந்த இடம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"நீங்க மெதுவா உருட்டிட்டு வாங்க. நான் நடந்து தேடுறேன்."

என் கணவர் இறந்த பிறகு நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. அதைச் சொன்னேன்.

"லைசென்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு."

"பீரோவுல வச்சுப் பூட்டவா ரெனியூ பண்ணீங்க?"

இந்தத் தொனியில் என்னிடம் யாரும் பேசுவதில்லை. கோபத்தில்தான் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினேன். அவள் முன்னால் குடை பிடித்துச் சாக்கடையை எட்டிப் பார்த்தபடி நடந்தாள். நான் பின்னால் விளக்கு மினுங்க ஊர்ந்தேன். எனக்குப் பின்னால் ஊரே ஹார்ன் அடித்தது. கடைசியில் ஒரு சிறு பாலத்தின் அருகில் குனிந்து, கவரை எடுத்து உயர்த்திக் காட்டினாள். ஓரத்தில் ஒரு கீறல், மற்றபடி பழுதில்லை; மறுநாள் புது டேப்பில் திரும்ப ஒட்டினோம். காருக்குள் வந்து இடப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "வீடு வரைக்கும் நீங்களே ஓட்டுங்க. எனக்குக் கை ஈரம்" என்றாள்.

ஓட்டினேன். அதன் பிறகு நிறுத்தவில்லை. அவள் ஹேவ்லாக்கில் இருந்த வாரங்களில் படகுத்துறையிலிருந்து வந்த அழைப்புகளுக்கெல்லாம் போனவள் நான்தான். நீங்கள் அவள் திரும்பிவிட்டதாக நினைத்துக்கொண்டீர்கள். கார் அதுதானே, கறுப்புக் கவர்களும் அவைதானே. போன வாரம் அந்த லாங் ஐலண்ட் அம்மாள் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். படகுத்துறையின் நீளம் முழுவதையும் தானே நடந்து வந்து, "லோகாம்மா எங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

அவளிடமிருந்து எனக்கு வந்தவை இரண்டு. பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லும் துணிவு. ஒருவர் காத்து நிற்கும்போது சாலையில் விழுந்த பொருளுக்காக நிற்காத பழக்கம். முதலாவது எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை. இரண்டாவது வந்துவிட்டது.

எனவே செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் இது. காரை விற்க வேண்டாம். நான் ஓட்டுகிறேன். என் லைசென்ஸ் செல்லுபடியாகும். கண் பரிசோதனைச் சான்றும் இருக்கிறது. கவர்கள் இருந்தபடியே இருக்கட்டும். உங்கள் முடிவு எதுவாயினும் போனில் சொல்ல வேண்டாம், எழுத்தில் தெரிவியுங்கள்.