கடைசிப் பாத்திக்கு முதல் அழைப்பு

கோட்டக்குப்பத்தில் ஜுவைரியாவின் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஷார்ஜா முஜீப் ரஹ்மான் வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். அந்த வீட்டு மாடியறையில் உட்கார்ந்திருப்பவள் எழுதிய ஒரு புரோகிராமை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஓசியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தெருவுக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் அவளை மனுஷியாக மதிப்பதில்லை.

எட்டு வருடங்களுக்கு முன் அவள் புதுச்சேரியில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தாள். மரக்காணம் உப்பளத்தில் பாத்திக்கு ஒன்றாக நின்ற மோட்டார்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வேலை வந்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்திய கணினி மொழிக்கு ஒரு குறை: மழை வந்தால் தானாகத் தெரிந்துகொள்ளத் துப்பில்லை. ‘வந்துச்சா, வந்துச்சா’ என்று புரோகிராம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜுவைரியா அதற்குத் துணையாகக் குட்டியாக ஒன்று எழுதினாள். சேதி வேண்டியவர்கள் முன்கூட்டியே பேர் கொடுத்துவிட்டால் போதும். மழை விழுந்ததும் அதுவே ஒவ்வொருவராகக் கூப்பிடும்.

யாரை முதலில் கூப்பிடுவது? அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கலியபெருமாள் சொன்னார்: "ஏம்மா, மழை வந்தா கடைசிப் பாத்தியத்தான் மொதல்ல காலி பண்ணிக் குழிக்கு ஏத்தணும். அதுலதான் உப்பாவப் போற முத்துன தண்ணி நிக்கிது. மொதப் பாத்தி போனா போவுது, அது கழிலேர்ந்து இப்பத்தான் எறச்ச வெறும் கடத்தண்ணி."

மோட்டார்களை அவள் முதல் பாத்தியிலிருந்து வரிசையாகப் பேர் கொடுக்க வைத்திருந்தாள். அதைத் திருப்பிப் போட்டிருந்தால் அரை மணி நேர வேலை. சோம்பல் யாரை விட்டது? தன் குட்டிப் புரோகிராமுக்குள்ளேயே கை வைத்தாள்: கடைசியாகப் பேர் கொடுத்தவருக்கு முதல் அழைப்பு. அப்படியே இணையத்திலும் போட்டுவிட்டாள். உலகத்தில் எவனும் செய்யாத முறை. ஆனாலும் வேறு கதியில்லாததால் டிக்கெட் விற்கிறவன், விளையாட்டு செய்கிறவன், ஆஸ்பத்திரிக்கு மணி அடிக்கிறவன் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தலைகீழ் வரிசையை நம்பியே அவர்களுடைய வேலையெல்லாம் ஓடியது. இனி அதில் கை வைக்க முடியாது.

கம்பெனி மூடிப்போயிற்று, புரோகிராம் அவள் தலையில் விழுந்தது. முன்பின் தெரியாதவர்கள் எழுதுவார்கள்: ஓடவில்லை, உடனே சரிசெய். நோன்பு திறக்க உட்காரும்போது எழுதுவார்கள், காய்ச்சலில் படுத்திருக்கும்போது எழுதுவார்கள். விட்டுவிடுகிறேன் என்று இரண்டு முறை அறிவித்தாள். பாதிப் பேர் கெஞ்சினார்கள், பாதிப் பேர் திட்டினார்கள். அவளுக்கு மூச்சு முட்டியது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே முட்டி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஒரே ஒரு வழி திறந்தது. மொழியின் அடிப்படைத் தரத்தை வகுக்கிற குழு, இந்த வசதியை மொழிக்குள்ளேயே சேர்க்க முன்வந்தது. நடந்தால் அவளுடையதை மூடிவிடலாம். ஆனால் குழு, முதலில் பேர் கொடுத்தவருக்கே முதல் அழைப்பு என்றது. அப்படி வைத்தால் பழைய ஆட்கள் ஒருவரும் மாற மாட்டார்கள். அவளும் தப்ப முடியாது.

புருஷன் முஜீப் இரண்டு வருடம் கழித்து ஷார்ஜாவிலிருந்து முப்பது நாள் லீவில் வந்திருந்தான். அதில் பன்னிரண்டு நாள் போய்விட்டது.

"இன்னிக்கு மீட்டிங்கோட எல்லாம் முடிஞ்சிரும்ங்க, இன்ஷா அல்லாஹ்," என்றாள்.

"முடிஞ்சா சரி. வந்ததுலேர்ந்து உன் முதுகத்தான் பாத்துக்கினு இருக்கிறேன்."

சாயங்காலம் நாலு மணிக்குத் திரையில் பதினோரு முகங்கள் தோன்றின. ஜுவைரியா தன் சோம்பலை மறைக்காமல் சொன்னாள். பாத்திகளைச் சொன்னாள், முற்றின தண்ணீரைச் சொன்னாள், வரிசையை மாற்றினால் எத்தனை பேருடைய வேலை கெடும் என்று நாக்கு வறள வறளச் சொன்னாள். ஒரு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். அவளுடைய வரிசையே தரத்தில் ஏறும் என்று முடிவானது. அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது.

குழுத் தலைவி கைதட்டிவிட்டு, கடைசியாக ஒரு விஷயம் என்றாள். ஒன்றை வற்புறுத்திச் சேர்த்தவர்தான் தர நூலில் அதற்கான அத்தியாயத்தை எழுத வேண்டும். அடுத்த பதிப்பு வரும்வரை, அதாவது மூன்று வருடத்துக்கு, அதைப்பற்றி வரும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். இது குழுவின் வழக்கம். "இந்த வரிசையை உங்களைத் தவிர யாராலும் விளக்க முடியாது. நீங்கள் மறுத்தால் இந்தப் பதிப்பில் சேர்க்க இயலாது."

மறுத்தால் பழைய நுகத்தடி, முடிவே கிடையாது. ஒப்புக்கொண்டால் புதியது, அதற்காவது ஒரு கணக்கு உண்டு. இதைத் தவிர அவள் முன்னால் வேறொன்றும் இல்லை. பதினோரு பேரும் காத்திருந்தார்கள்.

"ஓகே," என்றாள்.

டீயோடு வாசலில் நின்றிருந்த முஜீபுக்கு இங்கிலீஷ் அரைகுறை. அவர்கள் பேசியதில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அந்த ஓகே பிடிபட்டது. ஷார்ஜாவில் முதலாளி புது ஒப்பந்தத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போதெல்லாம் அவன் அதே குரலில்தான் சொல்வான்.

டம்ளரை மேசைமேல் வைத்தான்.

"எத்தினி வருசத்துக்குப் போட்டுட்ட?"

"மூணு," என்றாள் ஜுவைரியா.