ஜெல்லில் நிற்காத பட்டை

கேரளத்து நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த ஆய்வகம். பட்டம் வாங்கிய கையோடு ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். எல்லையோரப் பனச்சமூட்டில் காலை பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம். எந்தக் காளான் எந்தக் காளானுக்கு உறவு என்று டி.என்.ஏ. எடுத்துப் பார்ப்பது என் வேலை.

காளானை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதில் சில துண்டுகளை மட்டும் மெஷினில் பெருக்கி, ஜெல்லில் ஓடவிடுவேன். விளக்கொளியில் பட்டை பட்டையாகத் தெரியும். எந்தத் துண்டு பெருக வேண்டும் என்பதைப் பிரைமர் என்ற சின்ன இழை தீர்மானிக்கும். பிரைமரை மாற்றி மாற்றிப் பார்த்தும் இரண்டு காளான்களுக்குப் பட்டைகள் ஒன்றுபோலவே விழுந்தால், அவை ஒரே ரகம் என்று நம்பலாம்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் துறைத் தலைவர் பெருங்கடவிளையிலிருந்து ஒரு வெள்ளைச் சிப்பிக்காளானைக் கொண்டுவந்தார். ரப்பர் தோட்டத்தில் வெட்டிப்போட்ட தடியில் முளைத்தது. காட்டு ரகம், இதுவரை யாரும் கண்டுபிடிக்காதது என்றார். நான் ஜெல்லைத் தொடுவதற்கு முன்பே, புது ரகத்தை அறிவித்து, வளர்க்கிறவர்களுக்கு வித்து கொடுக்கிற விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்.

பத்துப் பிரைமர் போட்டேன். ஒன்பதில், எல்லாரும் வாங்கி வளர்க்கிற சாதாரண ரகத்துக்கும் இதற்கும் இம்மியும் வித்தியாசமில்லை. பத்தாவதில் மட்டும் ஒரு பட்டை கூடுதலாகத் தெரிந்தது. ஊதினால் போய்விடும்போல மங்கல். சார் முகம் மலர்ந்துவிட்டது.

"மதி மோளே, இது மதி." போதும் மகளே என்கிறார்.

மறுபடி ஓட்டினேன். அந்தப் பட்டை வரவில்லை. மூன்றாவது தடவையும் வரவில்லை.

"சாரே, இது நிக்காத பட்டை. ஒரு தடவைதான் வந்துது."

"முதல் போட்டோ உண்டுல்லா? அதை வையி."

"மத்த ரெண்டும்?"

"அது உனக்க கைப்பிழை ஆக்கும்."

"முதல்ல ஓட்டினதும் இதே கைதான் சாரே."

அவர் பதிவேட்டைத் திறந்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். நான் பேனாவை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெருங்கடவிளைக்குப் போனேன். தோட்டத்துக்காரி நாற்பது வயதுக்காரி. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுக் காளான் வளர்க்கிறவள். அந்தத் தடி ஷெட்டிலிருந்து பத்தடி தள்ளிக் கிடந்தது. அதை ஒட்டி ஒரு குழி. குழி நிறைய வைக்கோல் பிதுங்கும் பிளாஸ்டிக் கவர்கள்.

"இது என்னது அக்கா?"

"விளைஞ்சு முடிஞ்ச வைக்கோல் பெட்டெல்லாம் இங்கதான் தட்டுவேன் மக்கா. அதுல இருந்து பரவித்தான் தடியிலயும் முளைக்குது. பறிச்சு கறி வச்சுத் திங்கவும் செய்வோம்."

"சார் வந்தப்ப சொன்னியளா?"

"அவரு எங்க கேட்டாரு? போட்டோ எடுத்தாரு, போனாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபம் வந்தது. அவள் ஷெட்டில் ஒன்று, குழியில் ஒன்று, தடியில் ஒன்று என்று மூன்று காளான் பறித்துத் தனித்தனியாகப் பொதிந்து எடுத்துவந்தேன். பத்துப் பிரைமரிலும், ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஓட்டினேன். மூன்று காளானும் ஒன்றுதான். காட்டு ரகம் என்றது அவளுடைய குப்பையிலிருந்து ஏறி வந்த வீட்டு ரகம்.

விழாவுக்கு முந்தைய கூட்டத்தில் கல்லூரி முதல்வர் இருந்தார். சார் மங்கல் பட்டையைத் திரையில் காட்டி முடித்ததும் நான் எழுந்தேன். என்னை யாரும் பேசச் சொல்லவில்லை. எல்லாப் படங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். குழியைப் பற்றியும் சொன்னேன்.

"நீ கான்ட்ராக்ட்காரியாக்கும், அது மறக்கண்டாம்," என்றார் சார், எல்லார் முன்னாலும்.

"மறக்கல்ல சாரே. கான்ட்ராக்ட்ல பொய் எழுதணும்னு இல்ல."

முதல்வர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னைப் பாராட்டவும் இல்லை, அவரைக் கடியவும் இல்லை. "விழா இப்போ வேண்டாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து எனக்குக் குழாய்களும் குடுவைகளும் கழுவுகிற வேலை. கழுவினேன். ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. வீட்டில் அம்மா, "நீ ஒருத்தி வாயை மூடியிருந்தா லோகம் இடிஞ்சா விழும்?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெருங்கடவிளைக்காரி விஷயம் கேள்விப்பட்டு ஒரு காளான் பையோடு வீடு தேடி வந்தாள். அவளிடமும் அம்மா அதையேதான் கேட்டாள். "புது வித்துன்னு சொல்லி பழசையே எனக்கு தந்திருப்பாவ. அதுக்கு நானும் கும்பிட்டு வாங்கியிருப்பேன்," என்றாள் அவள். அம்மா காளான் பையை வாங்கி அடுக்களைக்குக் கொண்டுபோனாள்.

அடுத்த நேர்காணலில், பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். நடந்ததை அப்படியே சொன்னேன். இனியும் இப்படித்தான் செய்வாயா என்று கேட்டார்கள். செய்வேன் என்றேன். வேலை கிடைக்கவில்லை. அதற்கடுத்த இடத்திலும் ஒரு சொல் குறைக்காமல் அதையேதான் சொன்னேன். அங்கே சேர்த்துக்கொண்டார்கள்.