தேய்ப்புக்காரரின் சேற்றுப்புண்

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பொதுக் குளியலகத்தில் ஊராரின் அழுக்கைத் தேய்த்து எடுப்பது பியோ கிதேக்கின் தொழில். வெந்நீர்த் தொட்டியில் ஊறிச் சிவந்து வருகிறவர்களை ரெக்சின் கட்டிலில் படுக்க வைத்து, சொரசொரப்பான பச்சைத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு தேய்ப்பார். அழுக்கு சாம்பல் நிறத்தில் திரி திரியாக உருண்டு வரும். வர வர வாடிக்கையாளருக்குத் திருப்தி, கிதேக்குக்கு அதைவிட. மனித உடம்பிலிருந்து எது உரிந்து வந்தாலும் நல்லதற்குத்தான் என்பது வாலிபத்திலிருந்து இந்த ஒரே வேலையில் இருந்ததால் அவருக்கு ஏற்பட்ட சித்தாந்தம்.

ஊரைச் சுத்தமாக்கும் அந்த மனிதரின் காலில் சேற்றுப்புண். நாளெல்லாம் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் நியாயமாக யோசிப்பதற்காக யாரும் குளிக்க வருவதில்லை. சேதி கசிந்தால் கட்டிலில் படுக்க ஆள் இருக்காது. கட்டிலும் அது கிடக்கும் மூலையும் குளியலக உரிமையாளர் பாங் அம்மாவுடையவை, அவர் நினைத்தால் வேறு ஆளை நிறுத்தலாம். கிதேக்குக்கு வேறு தொழில் தெரியாது.

ஒவ்வொரு கோடையிலும் மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்குவார். அரிப்பு நின்ற மறுநாளே அதையும் நிறுத்துவார். அடுத்த கோடையில் அரிப்பு திரும்பி வரும், பழி மருந்தின் தலையில் விழும். அந்த ஆண்டு அது விரலிடுக்கைத் தாண்டி நகத்திலும் ஏறியது. பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்தது. மறைப்பதற்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டார். பூட்ஸுக்குள் வெந்நீர் புகுந்து தங்கியது. பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு கிடைத்திருக்காது.

பூட்ஸைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மா. தினமும் வருகிறவர். அவர் குரலைத் தாழ்த்தி, பட்டாளத்தில் கற்ற கைவைத்தியத்தைச் சொன்னார். வயிற்றுப்போக்குக்கு விழுங்கும் நாற்றம் பிடித்த உருண்டை மாத்திரைகளைப் பொடித்து வினிகரில் கரைத்து, அதில் காலை ஊற வைக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் செய்வதுதான், வெளியே சொல்வதில்லை.

கிதேக் அன்றே வீட்டில் ஊற வைத்தார். மனைவி ஓக்ரான் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"முள்ளங்கி தீந்துபோச்சுன்னா சொல்லக்கூடாதா? காலைப் போய் ஊறுகா போடுறீங்க."

எரிந்தது. எரிச்சல் மருந்தின் வீரியம் என்று எடுத்துக்கொண்டார். சில நாளில் தோல் உரிய ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பயந்து நிறுத்தியிருப்பார்கள். கிதேக்குக்கோ தொழில் கண் திறந்துகொண்டது. பச்சைத் துணியை எடுத்துத் தன் காலையே தேய்த்தார். உருண்டு வந்ததை மனைவியிடம் பெருமையோடு காட்டினார். அந்த வாரம் முடிவதற்குள் பாதம் நெருப்பாகச் சிவந்து கொப்புளம் கட்டியது, காலுறை போட முடியவில்லை. ஓக்ரான் அவரை டாக்ஸியில் ஏற்றித் தோல் டாக்டரிடம் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா காலைப் பார்த்தார், முகர்ந்தார், "வினிகரா?" என்றார். கேள்வியில் வியப்பே இல்லை.

"நல்லா உரிஞ்சு வந்ததுங்க" என்றார் கிதேக், அதையாவது பாராட்டுவார் என்று.

"நீங்க உரிச்சது அழுக்கு இல்லீங்க ஐயா, தோலு. பூஞ்சை அடியில சௌக்கியமா இருக்கு."

முதலில் புண் ஆறவேண்டும், அதுவரை வேலை கிடையாது என்றார். நகத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பூஞ்சைதான் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் கிதேக். கொழுப்புக்கு ஒரு மாத்திரை, ஈரலுக்கு நாட்டுக் கஷாயம் என்று ஓக்ரான் எடுத்துக்கொடுத்தாள்.

"ஈரலுக்குக் கஷாயம் எதுக்கு?"

"ராத்திரி குடிக்கிற சோஜு சாராயத்துக்குத்தான்" என்றாள் ஓக்ரான். "இவரு எதையும் அரைகுறையா செய்யமாட்டாரு."

நகத்துக்கான மாத்திரை ஈரலுக்கு வேலை வைப்பது. கொழுப்பு மாத்திரையோடு ஒத்துப்போகாத வகைகளும் அதில் உண்டு. ஒத்துப்போகிறதைப் பார்த்துத் தருவதாக டாக்டரம்மா சொன்னார். தொடங்கும் முன்பும் இடையிலும் ரத்தப் பரிசோதனை. சோஜுவும் கஷாயமும் கூடாது. சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ சாப்பாடு வேண்டாமென்று போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும். புண் ஆறியபின் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, சுற்றியுள்ள நல்ல தோலிலும் படும்படி களிம்பை மெல்லப் பூச வேண்டும். பார்க்க ஆறிப்போனாலும், தான் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது. இத்தனையும் செய்து, உடை மாற்றும் அறையின் ஈரப் பாயை மாற்றாமல் விட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார்.

வேலைக்கு வராததற்குச் சொல்ல, கிதேக் அதுவரை இடுப்பு வலி என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார். இடுப்பு வலிக்காகப் பாயை மாற்றச் சொல்ல முடியாது. பாங் அம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னார்.

பாங் அம்மா அவர் கட்டுப் போட்ட காலை நெடுநேரம் பார்த்தார். "பாயை மாத்திடறேன் அண்ணே. ஆளையும் மாத்தணுமான்னு வாடிக்கைக்காரங்க சொல்லட்டும்."

மூலைக்குத் தற்காலிகமாக ஓர் ஆள் வந்தார். கிதேக் வீட்டில் உட்கார்ந்தார். புண் ஆறி, அரிப்பும் போனபின் களிம்பு பூசுவது அவருக்கு, ஒருமுறை தேய்த்தவரையே மறுபடி படுக்கவைத்துத் தேய்ப்பது போல வீண்வேலையாகப் பட்டது. ஆனாலும் பூசினார், ஓக்ரான் பக்கத்தில் நின்றாள். சோஜு இல்லாத இரவுகளில் அவர் பேச்சு நீளமானது. இந்தப் பக்கவிளைவை டாக்டரம்மா சொல்லவில்லையே என்றாள் அவள். கோடை முடிவதற்குள் நகத்தின் அடியில் புதிய நகம் இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. ரத்தமும் நன்றாக இருந்தது. உலர்ந்த செருப்பும் தனித் துண்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம், மாத்திரையைத் தொடரவேண்டும் என்றார் டாக்டரம்மா.

போனார். சேதி அவருக்கு முன்பே போயிருந்தது. தொட்டியிலிருந்து எழுந்தவர்கள் அவரை மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். காலை முழுவதும் கட்டில் காலி. மதியத்துக்கு மேல் தலைமையாசிரியர் மா வந்து குப்புறப் படுத்தார்.

"உன் மாத்திரையில கொஞ்சம் குடுப்பா" என்று கட்டிலைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "எனக்கும் நகம் அப்படித்தான் இருக்கு."

"தரமாட்டேன் சார். அது என் ரத்தத்தைப் பாத்துக் குடுத்தது. உங்க முதுகு எனக்குத் தெரியும். ஈரல் தெரியாது."

மா எழுந்து துண்டைச் சுற்றிக்கொண்டு போனார். ஓரிரு நாள் வரவில்லை. வந்தபோது மல்லாந்து படுத்து, வகுப்பறைக் குரலில் அறிவித்தார்: "காலை விட்டுடு கிதேக். பூஞ்சையாம், மருந்து போட்டிருக்கேன், தேய்க்கக்கூடாதுன்னு டாக்டரம்மா உத்தரவு."

தொட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தன் காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி விரல்களை விரித்துப் பார்த்தார். இன்னொருவர், அந்த டாக்டரம்மா எந்தத் தெருவில் இருக்கிறார் என்று பொதுவாகக் கேட்டார். கிதேக் தேய்த்துக்கொண்டே வழி சொன்னார். மா எழுந்ததும், வழி கேட்டவர் தொட்டியிலிருந்து ஏறிவந்து கட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் தானே படுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் துண்டோடு நின்றார்.

மாலையில் பாங் அம்மா தற்காலிக ஆளுக்குப் போன் செய்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொன்னார்.