அவள் நிறுத்திய இடங்கள்

என் மனைவி பதிந்து வைத்த துப்பறியும் தொடரில் ஓட்டை இருக்கிறது என்று அடையாறு நண்பர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவள் கைபட்டது என்று வீட்டில் மிஞ்சியிருப்பதே ஓர் அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகள்தான். அதிலும் ஒருவர் வந்து குறை சொன்னால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

நண்பரை முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய தொலைக்காட்சித் தொடர்களைச் சேர்ப்பது அவருடைய பைத்தியம்; துப்பறியும் தொடர் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஒரே கதையை இரண்டு மூன்று வீடுகளிலிருந்து வாங்கி வந்து, எதில் படம் தெளிவு, எதில் பெயர் போடும் எழுத்து முழுசாக ஓடியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, நல்லதைக் கணினியில் ஏற்றுவார். மற்றதைத் தூசி துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டு வீடியோ டெக் செத்துப்போய் வெகு காலம். கேசட்டுகளில் பூஞ்சை பூத்திருந்தது. அதனால்தான் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ வைத்துப் பெட்டியை அவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவரும் அதே தொடரைப் பதிந்து வைத்திருந்தார். இரண்டில் ஒன்றுதான் கணினியில் ஏறும். அவளுடையது ஏற வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஆசை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வாரம் ஒரு கதை வரும் தொடர் அது. வியாழக்கிழமை சாயங்காலம் வரும். அந்த நேரத்தில் நான் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத்தின் முன்னால் நின்றிருப்பேன். அவள்தான் பதிவாள். அந்தக் காலத்தில் பதிவது என்றால் பட்டனைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவது இல்லை. விளம்பரம் வந்தால் நிறுத்த வேண்டும், முடிந்தால் உடனே ஓடவிட வேண்டும். டெக்குக்குப் பக்கத்திலேயே பதிவை நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் மகள் ஹிந்தி டியூஷனுக்குப் போய்விடுவாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

நண்பர் வீட்டுக் கூடத்தில் இரண்டு டிவி, இரண்டு டெக். தலைப்பு வரும் இடத்தில் இரண்டையும் நிறுத்தி, ஒரே நேரத்தில் ஓடவிடுவார். நாங்கள் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மாதிரி குனிந்து உட்கார்ந்திருப்போம். முதல் சில கதைகளில் அவள் கேசட்டுதான் ஜெயித்தது. விளம்பரத்தின் ஒரு சொட்டுகூட ஒட்டாமல் வெட்டியிருந்தாள். நண்பருடையதில் ஒவ்வொரு இடைவெளியிலும் சோப்பு விளம்பரத்தின் வால் தெரிந்தது. "மேடம் கை சுத்தம் சார்," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆரம்பக் கதைகள்தான் சார் பிரமாதம்," என்றேன் நானும், தெரிந்தவன் மாதிரி. "போகப் போக எழுதினவருக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு. ஒரு துப்பும் கொடுக்காம, கடைசியில திடீர்னு யாரையோ பிடிச்சுக்குவாங்க."

நண்பர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு அப்படித் தோன்றியதே இல்லையாம்.

அடுத்த கேசட்டில் வந்தது வினை. அவள் பதிவில், சமையல்காரர் மேஜைமேல் இருந்த டம்ளரை நோக்கிக் கையை நீட்டுகிறார்; அடுத்த நொடி போலீஸ் ஜீப் வாசலில் நிற்கிறது. நண்பரின் டிவியில் அதே சமையல்காரர் டம்ளரை எடுத்துத் தோள் துண்டால் நன்றாகத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வரும் இடமும் இல்லை அது. அதற்கடுத்த கதைகளிலும் இப்படியே, நடுக்காட்சியில் ஒரு சின்னத் துண்டு காணோம்.

நண்பர் அசரவில்லை. அவருடையது முதல் ஒளிபரப்பு, எங்களுடையது மறு ஒளிபரப்பு. நேரம் போதாமல் அங்கங்கே வெட்டியிருக்கிறார்கள் என்றார். நானும் உடனே தலையாட்டினேன். பழி தொலைக்காட்சி நிலையத்தின்மேல் போனால் எனக்கு நல்லதுதானே. பல வாரங்கள் இதே கொள்கையை வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்களும் பெரிய ஆராய்ச்சி செய்தோம்.

அதைக் கெடுத்தது ஒரு புயல். ஒரு கதையின் பாதியில் திரையின் அடியில் மீனவர்களுக்கான எச்சரிக்கை ஓடியது. இரண்டு டிவியிலும், ஒரே காட்சியில், ஒரே வரி. அப்படியானால் இரண்டும் ஒரே சாயங்காலம் பதிந்தவை. நிலையம் எதையும் வெட்டவில்லை.

நண்பர் டெக்கை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். பாவம், நாள் முழுக்க வீட்டு வேலை. மேடம் கண் அசந்திருப்பாங்க. என்னோட கேசட்டையே ஏத்திடலாமா?"

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதும் மனசு ஆறவில்லை. அவள் அசந்து தூங்குகிற ஜாதி இல்லை. பால் பொங்கி வழிந்து நான் பார்த்ததில்லை. மந்தைவெளி தாண்டும்போதுதான் அது உறைத்தது. தூங்குகிறவர் விளம்பரத்தையும் சேர்த்துத்தானே பதிந்திருப்பார்? காட்சி விட்டுப்போக வேண்டுமென்றால் யாராவது விழித்திருந்து பட்டனை அமுக்க வேண்டும்.

மறுநாளே போய் இதைச் சொன்னேன். நண்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். பிறகு, "காணாம போனதை மட்டும் என் கேசட்டுல வரிசையா போட்டுப் பார்ப்போம் சார்," என்றார்.

போட்டார். சமையல்காரர் டம்ளரைத் துடைக்கிறார். ஊரிலேயே இல்லை என்ற மைத்துனரின் செருப்பு வாசலில் ஈரமாகக் கிடக்கிறது. காது கேட்காத கணக்குப்பிள்ளை, கதவு தட்டும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறார். மூன்றாவது துண்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு கதையிலும் கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கிற இடம் எதுவோ, அதை மட்டும் அவள் வெட்டியிருந்தாள்.

ஏன் என்று நண்பருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். துப்பு கிடைத்த மாத்திரத்தில் நான் கொலைகாரன் பெயரைச் சொல்லுவேன். சொல்லிவிட்டால் எனக்குக் கதை முடிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு தி. நகருக்குக் கிளம்பிவிடுவேன், அங்கே பட்டறைக் கூட்டாளிகள் இருப்பார்கள். "முடியட்டும், இருங்களேன்," என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். கதைகள் மோசமாகிவிட்டன என்று நான் திட்டிக்கொண்டே கடைசி வரை உட்கார ஆரம்பித்ததும் அப்போதுதான். நான் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக அவள் வாரா வாரம் ஒரு கொலைகாரனை ஒளித்து வைத்திருக்கிறாள்.

நண்பரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சமையல்காரர் வரும் இடத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்.

"சார், அவங்க ஓடும்போதே அமுக்கியிருக்காங்க," என்றார். "முடிவு தெரியாம. அவன் டம்ளரைத் தொடறதுக்குள்ள இவன்தான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. வியாழக்கிழமையே கண்டுபிடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து, "யாராயிருக்கும்ங்க?" என்று கேட்டிருக்கிறாள். நான் தப்புத் தப்பாகச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அந்தக் கூடத்தில் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

விட்டுப்போன துண்டுகளை ஒட்டித் தரட்டுமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம், அப்படியே ஏற்றுங்கள் என்றேன். இரண்டையுமே ஏற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

பெட்டியில் இருந்த கடைசிக் கேசட்டில் மட்டும் அவள் கணக்கு தப்பியிருந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் இடத்தை வெட்டியிருந்தாள். டாக்டர் பேரில் ஒரு குற்றமும் இல்லை. கொலை செய்தது வீட்டு எஜமானரின் தம்பி. அவன் சாவியைப் பூந்தொட்டியில் போடுவது அப்படியே பதிவாகியிருந்தது. அதைப் பார்த்ததும் "தம்பிதான்" என்றேன், என்னை அறியாமல். அதற்கப்புறம் வந்த காட்சி ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. துப்பறிவாளர் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பேசுவது, தம்பி அழுவது, எல்லாமே புதிதாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து போயிருக்கிறேன். மிச்சத்தை அவள் தனியாகப் பார்த்திருப்பாள்.

இப்போது கடைசி வரை உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் அடையாறு நண்பர் இருந்தார்.