கழிக்காத இரண்டு கிலோ

நான் நாலாம் வகுப்பு படித்தபோது என் அம்மா மீன் தராசில் ஏறி நின்றாள். மண்டபத்தூரில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரும் அவளைப் பிடித்து ஏற்றவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானாகத்தான் ஏறினாள்.

பல மாதங்களாக அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. கூடையோடு காரைக்கால் தெருக்களில் மீன் விற்கிறவள், பாதி வழியில் யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் தொட்டுப் பார்க்கும் முன்பே, "முதல்ல உடம்பைக் குறைங்க" என்று அனுப்பிவிடுவார்கள். கடைசியில் புதிதாக வந்த ஒரு டாக்டரம்மாதான் படுக்கவைத்துப் பார்த்து, கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

மயக்க மருந்து கொடுக்கிறவருக்குச் சரியான எடை வேண்டும். ஆஸ்பத்திரி மெஷினோ நூற்றிருபதோடு முடிந்துவிடும். அம்மா ஏறியதும் முள் கடைசியில் போய் முட்டிக்கொள்ளும். "எடை தெரியாம தேதி போட முடியாதும்மா, வேற எங்கயாவது பாத்துட்டு வாங்க" என்றார் நர்ஸ். இரண்டு முறை இப்படியே திரும்பி வந்தோம்.

மறுநாள் காலை அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே மீன் ஏலம் போடும் கொட்டகைக்குப் போனாள். அங்கே எடை பார்த்துச் சீட்டு எழுதுகிறவர் என் சித்தப்பா. தராசு நூற்று முப்பத்தாறு காட்டியது. யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சித்தப்பா நூற்று முப்பத்து நாலு என்று எழுதினார். பெட்டிக்குப் பெட்டி ஐஸுக்காக இரண்டு கிலோ கழிப்பது அங்கே வழக்கம். பழகிய கை அம்மாவுக்கும் கழித்துவிட்டது.

"தம்பி, என் மேல ஐஸா கெடக்கு? கழிக்காம எழுதுங்க."

"கொறஞ்சா நல்லதுதானே அண்ணி?"

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. உடம்பைக் குறைக்கச் சொல்லித்தானே ஆஸ்பத்திரியில் அத்தனை ஏச்சு! கிட்டே போய் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, டாக்டர் சந்தோசப்படுவாங்கல்ல" என்று கெஞ்சினேன்.

"கைய எடுடி, உன் கனமும் சேந்துக்கும்."

பின்னால் மீன் பெட்டிகள் காத்துக் கிடந்தன. ஏலக்காரர் கத்தினார். "கத்துங்க. சரியா எழுதுற வரைக்கும் எறங்க மாட்டேன்" என்றாள் அம்மா. சித்தப்பா வேறு சீட்டு எழுதினார்.

நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, மீன் சீட்டு?"

"முத்திரை போட்ட தராசுங்க. உங்க மெஷின்ல நான் அடங்கல, அதுல அடங்குனேன். தேதியச் சொல்லுங்க" என்று அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். மத்தியானம் டாக்டரம்மா வந்து அந்தச் சீட்டைக் கேஸ் தாளோடு சேர்த்துக் குத்தி, தேதி எழுதும் வரை எழுந்திருக்கவில்லை.

இன்றைக்கும் அம்மா கூடையோடு நடக்கிறாள். மயக்க மருந்தை எடை பார்த்துத்தான் அளப்பார்கள் என்பதோ, மயங்கினால் திரும்ப எழுந்திருக்க வேண்டும் என்று அவள் கணக்காக இருந்தாள் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. சித்தப்பா பெரிய மனசோடு விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியாத அம்மா என்று வெகுநாள் கோபமாக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடமெல்லாம், எங்கம்மா நூற்று முப்பத்து நாலுதான் என்று அடித்துச் சொன்னேன்.