இடுப்பில் நூற்றேழு மில்லிமீற்றர்

தன்னை அவமானப்படுத்தியவனின் முகத்தைப் பார்க்காத மனிதன் யாரை வெறுப்பான்? முகம் தெரிந்திருந்தால் வெறுப்புக்குப் போய்ச்சேர ஒரு விலாசம் இருக்கும். தெரியாதபோது அது கதவைத் திறந்துகொண்டு வருகிற எல்லார்மீதும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். மொன்றியலில் கடை வைத்திருந்த குணரத்தினத்தின் வாழ்க்கை சில காலம் இந்தக் கேள்வியோடுதான் நடந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த பதிலைப் புத்தியுள்ள பதில் என்று சொல்ல முடியாது.

கடை நோத்ர-டாம்-த-கிரேஸில், அடுக்குமாடிகள் நிறைந்த ஒரு தெருவின் மூலையில் இருந்தது. இங்கே தெப்பனர் என்பார்களே, அந்த வகை: பால், பாண், பியர், லொத்தர் சீட்டு, தொலைபேசி அட்டை. மேல்மாடியில் வீடு. குணரத்தினம் சிரிக்கிற கடைக்காரர் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார். வெற்றுப் போத்தலின் வாயில் நகத்தளவு உடைவு இருந்தாலும் திருப்பி எடுக்கமாட்டார். அவரிடம் வந்தவர்கள் அவருக்காக வரவில்லை. பனிப்புயல் அடிக்கும் நாளிலும் அந்தக் கடை திறந்திருக்கும், அதற்காக வந்தார்கள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஜனவரி, பின்னேரம் மூன்று மணி. கழுத்துச் சால்வையால் கண்வரை மூடிய இருவர் உள்ளே வந்தார்கள். மொன்றியலில் அந்த மாதத்தில் முகத்தை மூடாமல் வருகிறவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவன் கத்தியைக் காட்டிக் கல்லாவைத் திறக்கச் செய்தான். மற்றவன் அதுவரை வாய் திறக்கவில்லை. கல்லா காலியானதும் அவன் நல்ல யாழ்ப்பாணத் தமிழில், கலியாண வீட்டில் வந்தவரைப் பந்திக்கு அழைப்பதுபோலப் பணிவாகச் சொன்னான்:

“அண்ணை, முழங்காலில இருங்கோ.”

குணரத்தினம் இருந்தார். வாசலடியில் உப்பும் பனிச்சேறும் கரைந்து கிடந்த இடத்தில் இருந்தார். அவர்கள் போனபிறகும் எழும்பவில்லை. பால் வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

வந்தவர்கள் பிரெஞ்சில் பேசினார்கள் என்று பொலிசுக்குச் சொன்னார். மனைவி பாலாம்பிகைக்கு மட்டும் உண்மையைச் சொன்னார். ஏன் மறைத்தீர்கள் என்று அவள் கேட்டபோது, தமிழர்மேல் பழி சொன்னால் தமிழர் கடைக்கு வரமாட்டார்கள் என்றார். வியாபாரியின் பதில். அது பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. அந்தக் குரலைப் பொலிசிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதைத் தனக்கென்று வைத்திருந்தார். அந்தக் குரலுக்குரியவன் இன்னொரு முறை கடைக்கு வந்தால் அவர் முன்னால் முழங்காலில் இருக்கவேண்டும், இல்லையென்றால் சுடுவது. இதற்காகத்தான் ஒரு ரிவோல்வர் வாங்க முடிவுசெய்தார்.

கனடாவில் கைத்துப்பாக்கி வாங்குவது சீட்டு எடுப்பதுபோன்ற காரியம் அல்ல. வகுப்பு, சோதனை, சுடுகழகத்தில் அங்கத்துவம், விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்து. வீட்டில் பெட்டிக்குள் பூட்டி வைக்கலாம். பூட்டியபடி கழகத்துக்குக் கொண்டுபோய் வரலாம். இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தால் குற்றம். குணரத்தினம் ஒவ்வொரு படியையும் ஒழுங்காகத் தாண்டினார். சனிக்கிழமைகளில் ஒரு பொழுதுபோக்கு என்று மனைவியிடம் சொன்னார். இருபது வருடத்தில் அவர் பொழுதுபோக்கு என்று ஒன்றும் கேட்டதில்லை என்பதால் அவள் கையெழுத்து வைத்தாள்.

அவரைக் கழகத்துக்குக் கூட்டிப்போனவர் கிறகரி. மன்னார் ஆள், கத்தோலிக்கர். வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகும் கவச வண்டியில் காவலாள். வேலை நேரத்தில் எல்லாரும் பார்க்க இடுப்பில் ரிவோல்வர் கட்ட அவருக்கு அனுமதி இருந்தது. இரண்டாயிரத்து ஐந்து மே மாதம் இருவரும் நகருக்கு வெளியே, புரோசார்ட்டுக்கு அப்பால் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். குணரத்தினத்தின் சட்டைப்பையில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றிலிருந்து வெட்டிய படம் இருந்தது. நடுத்தர உடல், ஆறு ரவை, மூன்று அங்குலக் குழல்.

அவர் ஒரு வருடம் யோசித்திருந்தார், யோசித்ததில் பிழையும் இல்லை. மிகச் சிறியது சட்டைப்பைக்குள் அடங்கும். ஆனால் ஐந்து ரவைதான், சுடும்போது கையை உதறும், இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பெரியது கையில் அசையாது நிற்கும். ஆனால் எந்தச் சட்டைக்குள்ளும் கட்டிபோலப் புடைத்துத் தெரியும். நடுத்தர உடலில் குழலைக் குறைத்தால் கைக்குப் பிடியும் இருக்கும், கண்ணுக்கும் படாது. குணரத்தினம் சொன்ன இதையெல்லாம் கிறகரி கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு அவருடைய முகம் மாறியது.

“வட்டம் கீறின கடதாசிக்குச் சுடுறதுக்கு ஒளிச்சு வைக்கத் தேவையில்லையே, அண்ணை.”

“சும்மா ஒரு கதைக்குக் கேட்டன்.”

“நான் கட்டியிருக்கிறது எல்லாருக்கும் தெரியும். தெரியிறபடியாத்தான் ஒருத்தனும் கிட்ட வாறேல்ல. ஒளிச்சு வைச்சால் அது ஆரை வெருட்டும்?”

குணரத்தினம் சட்டைப்பைக்குள் கையை விட்டார். படத்தைக் கடைக்காரனிடம் நீட்டினார். கடைக்காரன் சிரித்தான். இந்த நாட்டில் குழல் நூற்றைந்து மில்லிமீற்றரைவிட நீளமாக இருக்கவேண்டும், குறைந்தால் உனக்கு விற்க முடியாது என்றான். அதே ரிவோல்வரை இங்கத்தைய சந்தைக்கென்று செய்த நீளத்தில் எடுத்து வைத்தான். குணரத்தினம் கடையிலிருந்து கொண்டுவந்த அளவுநாடாவை விரித்துக் குழலை அளந்தார். நூற்றேழு. கடைக்காரனின் சொல்லை நம்பாமல் மறுபடியும் அளந்தார். சட்டத்தை மீறுவதற்காக வாங்கப்பட்ட ஒரு பொருள் சட்டப்படி சரியான நீளத்தில் இருக்கிறதா என்று அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்தது வேடிக்கை இல்லை. மனிதர் பலரின் நேர்மை அந்த இரண்டு மில்லிமீற்றருக்குள்தான் இருக்கிறது.

ஜூன் முதல் நாளிலிருந்து அதைக் கட்டினார். வலது இடுப்பில், காற்சட்டைக்குள், ஆறு ரவையும் போட்டபடி. மேலே இரண்டு அளவு பெரிய சட்டை, அதற்கு மேல் ஒரு கையில்லாத மேலங்கி. ஜூலை வெயிலிலும் அதைக் கழற்றவில்லை. குளிரூட்டியின் கீழ்த்தட்டில் பால்பெட்டி அடுக்கக் குனிந்தால் குழல் தொடையில் குத்தும். மூன்று அங்குலம் கிடைத்திருந்தால் குத்தியிராது. அதனால் குனிகிற வேலைகளை ஒவ்வொன்றாக மனைவியிடம் தள்ளிவிட்டார். நாரிப்பிடிப்பு, குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது என்று சொன்னார். அவள் நம்பி, இரவில் நல்லெண்ணெய் சுடவைத்துக் கொடுத்தாள். அவர் வாங்கித் தானே தடவிக்கொண்டார்.

கடையில் அவர் இப்போது முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். தமிழ்ப் பொடியன் ஒருவன் வாய் திறந்தால் அவருடைய தோள் இறுகும். முன்பு கடுமையான கடைக்காரராக இருந்தவர் இப்போது சகிக்க முடியாத கடைக்காரரானார். எங்கே வேலை, எப்ப வந்தனீர், போன வருசம் மாரியில் எங்க இருந்தனீர் என்று ஒரு பியர் வாங்க வந்தவனை விசாரித்தார். சிலர் திருப்பிப் பேசினார்கள். ஒருவன், கடையா குடிவரவுக் கந்தோரா என்று கேட்டுவிட்டு வாங்கிய பொருளை வைத்துவிட்டுப் போனான்.

செப்ரெம்பரில் நிஷான் வந்தான். தெருவின் மறுபக்கத்தில் இருந்த அல்போன்சம்மாவின் மகன். குணரத்தினம் தட்டுகளுக்குப் பின்னால் நின்றார். முதுகுப் பக்கமாக அந்தப் பணிவான குரல் கேட்டது.

“அண்ணை, அஞ்சு டொலர் கார்ட் ஒண்டு தாங்கோ.”

குணரத்தினத்தின் கை மேலங்கிக்குள் போய் அங்கேயே நின்றது. திரும்பிப் பார்த்தார். எடுக்கவும் இல்லை, கையை வெளியே கொண்டுவரவும் இல்லை. நிஷான் அவருடைய வியர்வையைப் பார்த்தான்.

“அண்ணை, வயிறு நோகுதோ?”

லொத்தர் இயந்திரத்தடியில் நின்ற பாலாம்பிகை கையையும் பார்த்தாள், கண்ணையும் பார்த்தாள்; நாரிப்பிடிப்பு எது என்று அவளுக்குப் பிடிபட்டது. தொலைபேசி அட்டையைத் தானே எடுத்துக் கொடுத்து நிஷானை அனுப்பினாள். கதவை உள்ளே பூட்டிவிட்டு வந்தாள்.

“அந்தப் பிள்ளை இந்த நாட்டுக்கு வந்ததே களவு போய் ஆறு மாசத்துக்குப் பிறகு. உங்களுக்குத் தெரியாதே?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமோ?”

அவர் கதவைத் திறக்கப் போனார். நடந்ததில் மிகவும் பயங்கரமானது அந்தத் ‘தெரியும்’தான். ஆள் மாறிச் சுடுவது தவறு என்று சொல்லலாம். ஆள் மாறியது தெரிந்தும் கை போகிறது என்றால் அந்தக் கைக்கு இனி ஆள் தேவையில்லை. பாலாம்பிகைக்கு இது விளங்கியது. கழற்றிப் பெட்டியில் வையுங்கோ என்று பலமுறை கேட்டாள். பொலிசுக்குச் சொல்லுவேன் என்றாள். போய்ச் சொல்லும், பியர் உரிமமும் லொத்தரும் போகும், இரண்டு பேரும் றோட்டில் நிற்பம் என்றார் அவர். அதன்பிறகு மூன்று கிழமை அவர்களுக்குள் சரக்கு விஷயம் தவிர வேறு பேச்சு இல்லை.

ஒக்ரோபரில் நவராத்திரி வந்தது. ஒன்பதாம் நாள் பின்னேரம் மேல்மாடியில் ஆயுத பூசை. தொழிலுக்கு உதவுகிற பொருட்களை அம்மன் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். வைத்தவற்றைப் பத்தாம் நாள் காலைப் பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. பாலாம்பிகை தெருவில் தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டிருந்தாள். இந்துக்கள், கத்தோலிக்கர் என்று பதினைந்து பேர் வந்தார்கள். கிறகரியும் வந்தார், அல்போன்சம்மாவும் நிஷானும் வந்தார்கள்.

குணரத்தினம் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்தபோது தாம்பாளம் நிறைந்திருந்தது. கடைப் பூட்டின் திறப்பு, கத்தரிக்கோல், கல்குலேற்றர், விலைத்தாள் ஒட்டும் கருவி. அதன் பக்கத்தில் ரிவோல்வர். குளிக்கப் போகும்போது துவாய்களுக்கு அடியில் அவர் வைத்தது. பிடியில் சந்தனம், அதன்மேல் குங்குமம், குழலில் ஒரு செவ்வரத்தம்பூ.

வந்திருந்தவர்கள் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணரத்தினம் ஒரு அடி முன்னே வைத்தார்.

“தொடாதேங்கோ,” என்றாள் பாலாம்பிகை. “வைச்சாச்சு. நீங்கள் ஒளிச்சுக்கொண்டு திரியிறதை அம்மாளும் பாக்கட்டும், சனமும் பாக்கட்டும்.”

அவர் நின்றுவிட்டார். கையெட்டும் தூரம்தான். நாட்டின் சட்டத்தை நான்கு மாதம் மீறியவருக்கு இந்தச் சட்டத்தை ஒரு நிமிடம் மீற முடியவில்லை. கிறகரிதான் எழுந்து போய்க் குனிந்து பார்த்தார்.

“இது லோட் பண்ணிக் கிடக்கு,” என்றார். “நான் வேதக்காரன், எனக்குத் தொடலாம். துவக்கை அம்மாள் பாத்துக்கொள்ளட்டும். ரவையை நான் பாக்கிறன்.”

ஆறு ரவைகளையும் வெளியே எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்தார். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். நிஷான் ரவைகளைப் பார்த்தான், பிறகு குணரத்தினத்தின் வலது இடுப்பைப் பார்த்தான். கையிலிருந்த கடலைத் தட்டை நிலத்தில் வைத்தான். அல்போன்சம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, “பாலா, நாங்கள் போட்டு வாறம்” என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் கடைக்கு வரவே இல்லை. இரண்டு கிழமைக்குள் மற்றத் தமிழ்ச் சனமும் இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பால் வாங்கத் தொடங்கியது.

தெரிந்துவிட்ட பொருளை மறைத்துக் கட்டுவதில் அர்த்தமில்லை. குணரத்தினம் ரிவோல்வரைப் பெட்டியில் பூட்டினார்; குனிந்து பால்பெட்டி அடுக்கினார்; மனைவியோடு பேசவில்லை. கிறகரி ஒருநாள் வந்து, பொலிஸ் வந்தால் ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று இருவரையும் எச்சரித்துவிட்டுப் போனார். ஒருவரும் சாட்சி சொல்லப் போவதில்லை, பத்திரங்கள் சரியாக இருக்கின்றன, இல்லை என்ற ஒரு சொல் போதும் என்றார்.

நவம்பர் நடுவில் இரண்டு பொலிஸார் வந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். யாரோ தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. மேல்மாடியில் பெட்டியைப் பார்த்தார்கள். பூட்டு சரி, விசையின் பூட்டும் சரி, ரவைகள் வேறாக இருந்தன, இலக்கங்கள் பொருந்தின. பொலிஸ்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இதை எப்போதாவது கீழே கடைக்குக் கொண்டுபோனதுண்டா?

பாலாம்பிகை முந்திக்கொண்டாள். கணவனின் ரிவோல்வரை ஊரறிய வைத்த அதே பெண், ஒருநாளும் இல்லை என்று தெளிவான பிரெஞ்சில் சொன்னாள். ஒரு சொல்லுக்கு இரண்டு சொல்லாக, தான் எந்த நேரமும் கடையில் நிற்பவள், கொண்டுவந்திருந்தால் கண்டிருப்பேன் என்றாள். பொலிஸ்காரி தலையாட்டிக் குறிப்புப் புத்தகத்தை மூடினாள். ஆண் பொலிஸ் ஏற்கெனவே படியில் இறங்கத் தொடங்கியிருந்தான்.

“நீர் பேசாம இரும்,” என்றார் குணரத்தினம் மனைவியைப் பார்த்து. ஐந்து கிழமைக்குப் பிறகு அவர் அவளோடு பேசிய முதல் பேச்சு அது.

பிறகு பொலிஸ்காரியிடம், அவருக்குத் தெரிந்த கடைப் பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். ஜூனிலிருந்து ஒக்ரோபர் வரை. ஒவ்வொரு நாளும். ஆறு ரவையோடு. சட்டையை உயர்த்தி, எந்த இடத்தில் என்று விரலால் தொட்டுக் காட்டினார். ஏன் இப்போது சொல்கிறீர் என்று அவள் கேட்டாள். பாலாம்பிகையும் தமிழில் அதையே கேட்டாள். “ஒளிச்சது போதும்,” என்று மனைவிக்குச் சொன்னார். குளிர்ச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கடைத் திறப்பை அவள் கையில் வைத்துவிட்டு, பொலிஸாருக்கு முன்னால் படியிறங்கினார்.