புந்தோங்கிலிருந்து தைப்பிங்குக்கு அம்மி போன வழி

எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. பெற்று வளர்த்தது ஏழு பேர். முதல் ஆறு கல்யாணங்களிலும் பெண் கால் வைத்தது என் அம்மிக்கல்லில்தான். கடைக்குட்டி சரோஜாவுக்குத் தைப்பிங்கில், மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் கல்யாணம் என்று முடிவானது. அந்தக் கல்லும் வரும் என்றேன்.

“கல்லத் தூக்கிக்கிட்டு வர்றதுக்குள்ள முகூர்த்தம் போயிரும் சம்பந்தி” என்று சிரித்தார் மாப்பிள்ளையின் அம்மா. எனக்கு வீம்பு ஏறிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் ஒரு நாள். முகூர்த்தம் காலை ஒன்பதரை. உறவுக்காரர்கள் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு என் தம்பி மாணிக்கத்தின் பழைய காரில், மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய எங்கள் புந்தோங்கை விட்டோம். போக வேண்டியது ஐம்பது மைலுக்கு மேல். முன்னால் தம்பியும் என் வீட்டுக்காரரும், பின்னால் நானும் சரோஜாவும், பின்பெட்டியில் அம்மி. கார் தொட்டில்போல ஆடிக்கொண்டு போனது.

சுங்கை சிப்புட் தாண்டும்போதே அதன் வால் தாழ்ந்திருந்தது. கோலகங்சாரில் தேநீர் குடித்தோம். பாடாங் ரெங்காஸை நெருங்கியபோது படாரென்று ஒரு சத்தம். இடது பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. டயர் தகரத்தில் உரசிக் கருகல் வாடை வந்தது.

அந்தக் கால வண்டிகளில் பின்பாரத்தைத் தாங்குவது வில்போல வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு. தம்பி கீழே படுத்துப் பார்த்தான்.

“ஒரு பட்டை ஒடைஞ்சிருச்சுக்கா. பொண்ணு குலுங்காம வரணும்னு நாந்தான் நேத்து ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டையக் கழட்டுனேன்.”

“பொண்ணுக்குப் பார்த்தியே மச்சான், கல்லுக்குப் பார்த்தியா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“கல்லப் பக்கத்துக் கடையில வச்சிட்டுப் போலாம்கா. கோயில்லயே அம்மி இருக்குலா.”

சரோஜா என் முகத்தையே பார்த்தாள்.

“கல்லு வரும்” என்றேன்.

ரப்பர் தோட்டத்தில் காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவள் நான். பாரம் தள்ளி இருந்தால் தோளைக் கடிக்கும். கல்லை எடுத்து முன் சீட்டில் என் வீட்டுக்காரர் காலடியில் வைக்கச் சொன்னேன். பிறகு தம்பியிடம் காரில் கிடந்த பாராங் கத்தியைக் கொடுத்து, ஓரத்தில் விழுந்துகிடந்த ரப்பர் மரக் கிளையில் ஒரு கட்டை வெட்டச் சொன்னேன்.

“ரப்பர் மரம் தாங்காதுலா அக்கா!”

“இத்தன வருசமா நம்மள எதுடா தாங்குச்சு?”

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினோம். அச்சுக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே கட்டையைச் செருகினான். பழைய டியூப்பைக் கீற்றாக அறுத்து, ஒடிந்த பட்டையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினோம். நானும் சரோஜாவும் வலது பக்கமே ஒண்டினோம். பாதிப் பெண் என் மடியில்.

புக்கிட் பெராப்பிட் மேட்டில் வண்டி முக்கி முனகி ஏறியது. ஒவ்வொரு குழியிலும் தலை கூரையில் இடித்தது. தைப்பிங்கில் வழக்கம்போல மழை. ஒன்பதுக்கு முன்பே கோயில் வாசலில் இறங்கினோம். மாப்பிள்ளையே இன்னும் வரவில்லை!

சம்பந்தி குடையோடு ஓடி வந்தார். “கல்லுமா வந்துச்சு?”

“கல்லு முன் சீட்டுல வந்துச்சு சம்பந்தி. நாங்கதான் பின்னால.”

மேளம் முழங்க, மஞ்சள் பூசிய காலை சரோஜா என் கல்லின் மேல் வைத்தாள். சம்பந்தியே குனிந்து அவள் சேலை மடிப்பைத் தூக்கிப் பிடித்தார்.

இப்போது ஈப்போவில் என் மகன் புதுக் கார் வைத்திருக்கிறான். மெத்தைபோல இருக்கும், ஏறினால் தூங்கிவிடுகிறேன், ஒரு ஊரும் கண்ணில் படுவதில்லை. அன்றைக்கு எலும்பெல்லாம் ஆடியது. ஆனால் வழிநெடுக ஒரு மரம் விடாமல் பார்த்தேன்.

சரோஜா பெற்ற பேத்தியே, நான் சொல்லச் சொல்ல எழுதியது போதும், வாசி பார்க்கலாம் கண்ணு. உன் அம்மா கல்லில் கால் வைக்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசி.